அண்ணர் அனுப்பிய கூரைவேலைக்காரன்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு என் மகளின் அறைக்குள் கூரை விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டிலில் படுத்திருந்தாள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். ஓடிப் போய்க் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே ஓடுகள் குவிந்து கிடந்தன. “அம்மா, கையை அசைக்கேலாமல் கிடக்கு” என்றாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை உடைத்து அவளை வெளியே எடுத்தார். மேலே ஓடு மாற்றிக்கொண்டிருந்த கூரைவேலைக்காரனோ இறங்கி வந்து, தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏணியை மட்டும் மறக்காமல் ஏற்றிக்கொண்டான். கழற்றிய ஓடுகள் முழுவதையும் அவன் பிள்ளையின் அறைக்கு நேர் மேலே அடுக்கியிருந்தான். பழைய மரம் தாங்கவில்லை.

முழங்கை முறிந்திருந்தது. இனி நேராக நீட்ட முடியுமோ என்று வைத்தியர் உறுதியாகச் சொல்லவில்லை. அதற்கு யார் பொறுப்பு? எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான்.

எங்கள் வீட்டுக் காப்புறுதிக் கம்பனி சொன்னது: “இது புயலால் விழவில்லை. வேலை செய்தவரின் காப்புறுதியைக் கேளுங்கள்.” கட்டட வேலைக்கு லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் அவன் பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவர் தங்களிடம் பதியவே இல்லை என்றார்கள். லைசன்ஸ் இல்லாதவன் பட்டப்பகலில் எப்படி ஒரு கூரையில் ஏறலாம் என்று கேட்டேன். யாராவது முறைப்பாடு செய்தால்தான் தங்களுக்குத் தெரியவருமாம். அதாவது, முதலில் ஒரு பிள்ளையின் மேல் கூரை விழ வேண்டும்! இதைச் சொன்ன மனிதரின் குரலில் வெட்கம் துளிகூட இல்லை.

இங்கே ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் வேலையாளிடம் பெயரைக் கேட்பதுபோல லைசன்ஸையும் கேட்கிறார்கள். எங்களால் முடியவில்லை. எழுபதுகளின் சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. எங்களை விமான நிலையத்தில் வந்து கூட்டிப் போய், முதல் சோறு போட்டவர், சொந்தமில்லாவிட்டாலும் நாங்கள் அண்ணர் என்று கூப்பிடும் மனிதர். இந்தக் கூரைவேலைக்காரனை அனுப்பியவரும் அவர்தான். வேலை தொடங்கிய காலையில் என் கணவர் என்னைத் தடுத்தார்: “அண்ணர் அனுப்பின ஆளிட்டை லைசன்ஸ் கடதாசி கேக்கிறதோ? அவரையே சந்தேகப்படுற மாதிரியெல்லே!”

அவன் எங்கே இருக்கிறான் என்பது அண்ணருக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நம்பினோம். தொலைபேசி எடுத்தபோதெல்லாம் அவர் வீட்டில் இல்லை என்று அவர் மனைவி சொன்னார். மழைக்கு நாங்களே தார்ப்பாய் கட்டினோம். மகள் மாவுக்கட்டோடு முன்னறையில் படுத்தாள். காற்றில் தார்ப்பாய் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தாள். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணர் வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

“அவன்ர விலாசத்தைத் தாங்கோ அண்ணை.”

“எனக்கெங்க தெரியும்? கார் திருத்திற இடத்தில கண்டு பழகின ஆள். நீங்களும் அவசரம் எண்டியள்.”

“அவனிட்டை லைசன்ஸும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. அது தெரியுமோ உங்களுக்கு?”

“தெரியும் தங்கச்சி. அதாலதானே என்ர வீட்டுக் கூரையில அவனை ஏற விடேல்லை” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்து, “நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்” என்றார்.