நூறு சேர்ந்தால் ஒன்று

காலை ஐந்து ஐம்பது. கண் விழித்ததும் நான் பார்த்தது, நாற்காலியில் தொங்கிய அம்மாவின் வெள்ளைக் கோட்டையும் அதன் பையில் செருகியிருந்த கறுப்புப் பேனாவையும். எங்கள் தீவின் ஹேடோ குவார்ட்டர்ஸில் அந்நேரத்துக்கே வெயில் ஏறியிருந்தது.

அது எழுதும் பேனா அல்ல. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அம்மாவின் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும் கருவி. ஒரு முனையை வெளிச்சத்துக்குக் காட்டி மறுமுனையில் கண் வைத்தால், உள்ளே ஓர் அளவுகோலும் அதன் குறுக்கே முடி போன்ற கோடும் தெரியும். மருத்துவமனையிலேயே வைத்துவிட்டு வர வேண்டியதை முந்தின நாள் மறந்து கொண்டுவந்துவிட்டாள்.

கோடு பன்னிரண்டில் நின்றது.

எனக்கு எட்டு வயது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அலுவலகத் தாளில் அம்மாவுக்கான கதிர் வரம்பு ஒன்று என்று இருந்தது. அதற்கு முன் அங்கிருந்த தாளில் இருபது. ஏதோ தப்பு செய்து அம்மா தண்டனை வாங்கியிருக்கிறாள் என்று நான் முன்பே முடிவு கட்டியிருந்தேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்றால் இனி அவளை வேலைக்கு விடக் கூடாது. பேனாவோடு சமையலறைக்கு ஓடினேன். வழியில் கை நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. உடையவில்லை. அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.

ஆறே முக்காலுக்குத் தேடல் தொடங்கியது. பேனா இல்லாமல் எக்ஸ்ரே அறைக்குள் விட மாட்டார்கள் என்று அம்மா பதற, அப்பா கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தாங்க முடியாமல் அரிசி டப்பாவைக் காட்டினேன். விழுந்ததைச் சொல்லவில்லை. பன்னிரண்டு பட்டால் நீ செத்துப்போவாய் என்று அழுதேன்.

அம்மா சிரித்தாள். பேனா காட்டுவது மில்லிராண்ட்ஜன், தாளில் இருப்பது மில்லிசீவர்ட், இரண்டும் வேறு வேறு என்றாள்.

"உன் ஸ்கேல்ல சென்டிமீட்டர் இருக்குல்ல? நூறு சேர்ந்தாத்தானே மீட்டர். இங்கயும் அதே ஹிசாப்தான். இது நூறு சேர்ந்தா அது ஒண்ணு."

சொல்லிக்கொண்டே பேனாவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வாங்கிப் பார்த்து, தொண்ணூற்று நாலு என்றார்.

"நூறு ஆகலியேம்மா" என்றேன், கணக்குப் புரிந்துவிட்ட பெருமையில்.

அம்மாவின் ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. பசிக்கிறது போலும் என்று நினைத்தேன்.

"கீழ போட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"அடிக்க மாட்டேன். போட்டிருந்தா நல்லதுதான். சொல்லு."

தலையசைத்தேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. அடிபட்டால் அந்தக் கோடு இடம் மாறிவிடும் என்று அப்பா விளக்கினார்.

"பேட்டி, நீ கீழ போட்டதுலயே உருப்படியானது இதுதான்." மகளே என்பதற்கு அப்பா இந்தியில் பேட்டி என்பார்.

ஒரு பொருளைக் கீழே போட்டதற்காக எங்கள் வீட்டில் எனக்கு மிட்டாய் கிடைத்தது அன்று மட்டும்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அம்மா கோட்டுக்குள் அணியும் பேட்ஜும் கதிரை அளக்கும். விழுந்தாலும் அதன் கணக்கு மாறாது. அது மெயின்லாண்டுக்குப் போய் முடிவு வர இரண்டு மாதம் ஆனது. பூஜ்யம் புள்ளி ஒன்று மில்லிசீவர்ட்.

அம்மாவின் வரம்பை இருபதிலிருந்து ஒன்றாக்கிய தங்கை அக்டோபரில் பிறந்தாள். எடை மூன்று கிலோ நூறு கிராம்.