மாப்பிள்ளைக்கு வாங்காத வாட்ச்

என் இடது கையைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்காரரோடதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. விமானம் ஓட்டுகிறவர்கள் கட்டுகிற மாதிரி வாட்ச் அது. பெரிய கறுப்பு முகம், ஓரத்தில் பொடிப் பொடி எண்கள், உள்ளே இன்னும் மூன்று குட்டி வட்டங்கள். பேட்டரி மாற்ற வேண்டியதில்லை. வெளிச்சம் பட்டால் போதும், தானே ஓடும். "என்னோடதுதான்" என்று சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

நான் மண்ணூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பாகம் பொருத்தும் லைனில் வேலை பார்த்தேன். புது மெஷின் வருகிறது, கற்றுக்கொண்டு வாருங்கள் என்று என்னையும் இன்னும் இரண்டு பேரையும் மலேசியாவுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் விமானம் ஏறிய முதல் ஆள் நான். அங்கே செலவுக்குக் கொடுத்த படியை மிச்சம் பிடித்துத்தான் இதை வாங்கினேன். கடைக்காரர் பெண்கள் வாட்ச் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். எல்லாம் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு இருந்தன. நான் இதைக் காட்டினேன். பெரிய முள்ளில் மலேசியா நேரம், குட்டி வட்டத்தில் மண்ணூர் நேரம். அம்மா இப்போது குழாயடியில் சண்டை போடுவாள், இப்போது சீரியல் முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஊர் திரும்பியபின் ஒரு சிக்கல். லைனுக்குள் வாட்ச் கட்டக்கூடாது, ஷிஃப்ட் முழுக்க அது லாக்கரில் கிடக்கும். அதனால் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் நிழல் பக்கத்து சீட்டுக்கு அடித்துக்கொள்ள, நான் மட்டும் வெயில் பக்கம் உட்கார்ந்து கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு வருவேன்.

"இன்னாடி, பொறந்த கொயந்தைக்கு காட்ற மாதிரி வாட்சுக்கு வெயில் காட்டிக்கினு வர்ற?" என்று பஸ்ஸே சிரிக்கும். சிரிக்கட்டும்.

வினை அம்மா ரூபத்தில் வந்தது. நிச்சயத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச்சும் மோதிரமும் பெண் வீட்டார் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தை பிறந்து எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததுமே அம்மா என் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாப்ளைக்கு ஃபாரின் வாட்சு ரெடியா கீது. நீ கட்டிக் கட்டிப் பயசாக்காத."

மாப்பிள்ளையே இன்னும் அமையவில்லை. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான்.

"ம்மா, இருட்டுல வச்சா அது நின்னு பூடும்மா."

"கதை வுடாத. வாட்சு இன்னா செடியா?"

கத்திப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், சாவி இடுப்பைவிட்டு இறங்கவில்லை. வெறுங்கையோடு பஸ்ஸில் உட்கார்ந்தால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நானாகப் போய், நானாகப் பிடித்து வாங்கியது என்று அதுவரை என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அது யாரோ ஒருவர் கைக்குப் போகப்போகிறது.

ஆவணியில் நிச்சயம். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. அவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வாட்ச்சைக் கொடுக்கத்தான் பிடிக்கவில்லை. தட்டில் வெற்றிலை, பழம், மோதிரம் எல்லாம் அடுக்கியபின் அம்மா எல்லோரும் பார்க்கும்படி பீரோவைத் திறந்தாள், கைக்குட்டையைப் பிரித்து வாட்ச்சைத் தட்டில் வைத்தாள். முட்கள் அசையாமல் கிடந்தன.

மாப்பிள்ளையின் அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது? நல்ல நாளும் அதுவுமா ஓடாத வாட்ச தட்டுல வைக்கிற?"

இந்த நிமிடத்துக்காகத்தான் தையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அம்மாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை. எழுந்து, வாட்ச்சை எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு வாசல் வெயிலில் போய் நின்றேன். எல்லோரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நொடிமுள் ஒரு துள்ளு துள்ளியது. அப்புறம் தாண்டித் தாண்டி ஓட ஆரம்பித்தது.

"தோ ஓடுதே! மாப்ள கையில கட்டு," என்றார் அத்தை.

"இது என் வாட்சு அத்தை." வாட்ச்சை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். "நானே ஃப்ளைட்ல போயி வாங்கினது. அவருக்கு வேற வாங்கித் தரேன். அதுவும் என் சம்பளத்துலதான்."

அம்மா என்னை அறையப்போகிறாள் என்றே நினைத்தேன். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

"எனக்கு எதுக்கு அத்தை? எங்க லைன்ல வாட்சே கட்ட வுடமாட்டாங்க, கார்ல கீறல் வுழுந்துடும்னு."

அத்தைக்கு மனம் ஆறவில்லை. "அதுக்குன்னு? பொம்பளைக்கு எதுக்குமா இம்மாம் பெரிய வாட்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஏரோப்ளேன்ல போயிட்டு வந்த பொம்பள. கட்டிக்கட்டும்."

சொல்லிவிட்டு, காலையில் தானே என் கையில் அடுக்கிய வளையல்களை முழங்கைவரை தள்ளி, வாட்ச்சைக் கட்டிவிட்டாள்.