அஞ்சலை சொன்ன பெயர்

பூங்காவில் நிற்கும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். காலையில் அந்தப் பக்கம் போனபோது புதுச் சுண்ணாம்பின் காரம் மூக்கில் ஏறியது. வெள்ளைக்காரர்களுக்கு ஏதோ விசேஷம் வருகிறதாம்; அதற்காக டவுனே குளித்து முழுகிக் கொண்டிருக்கிறது. அதையொட்டி ஒரு சிறப்பு மலர் அச்சடித்துப் போடப் போகிறார்கள். நேற்று நான்கு இளைஞர்கள், தலையில் எண்ணெயும் கையில் காகிதமுமாக என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "பழைய டவுனப் பத்தி நீங்கதான் சார் எழுதணும். இனிமையா நாலு பக்கம் இருந்தாப் போதும்" என்றார்கள். இனிமையாகவாம். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு எழுத மாட்டாததை உங்களுக்கு எழுதுகிறேன். எந்த டவுன் என்று மட்டும் கேட்காதீர்கள். நெகிரி செம்பிலானில் ரயில் நின்று போகும் ஊர்கள் அப்படியொன்றும் அதிகமில்லை.

சுண்ணாம்பு வாசனை என்றாலே எனக்குக் கோலா சாவாவில் நாங்கள் இருந்த தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள்தான் நினைவுக்கு வரும். டாக்டர் துரை பார்வையிட வருகிறார் என்றால் முந்தின நாளே வேலை மேய்க்கும் மண்டோர் வாளியும் மட்டையுமாக ஆள் விடுவார். சுவருக்கு வெள்ளை, சாக்கடை ஓரத்துக்கு வெள்ளை, வாசலில் நின்ற, நாங்கள் கித்தா என்கிற ரப்பர் மரத்துக்கும் இடுப்புவரை வெள்ளை. உள்ளே காய்ச்சலில் கிடந்தவர்கள் கிடந்தபடியே கிடப்பார்கள். துரை சுவரைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போவார். அப்பாவும் அம்மாவும் அங்கே பால் வெட்டினார்கள். அம்மா வேலை முடிந்து வரும்போது சேலையில் புளித்த பாலின் நாற்றம் வீசும். அந்த மடியில்தான் நான் சோறு தின்றேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வசதியாக மறந்துவிட்ட விஷயம் இது.

கங்காணிக்கு என்மேல் ஏதோ பிரியம். அவர் சொல்லித்தான் டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்த கையோடு, டவுனைச் சுத்தமாக வைத்திருப்பதற்கென்று இருந்த அலுவலகம் ஒன்றில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை கிடைத்தது. பினாயில் வாசனை அடிக்கும் அறை, ஒரு நாற்காலி, எனக்கே எனக்கென்று ஒரு மசிக்கூடு. கோட்டும் காலருமாக நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். சாயங்காலங்களில் என்னைப் போன்ற ஏழெட்டுக் கிராணிகள் கூடி ஒரு வாலிபர் சங்கம் நடத்தினோம். சமூகத்தை ஒரே மாதத்தில் திருத்திவிடுவது என்று முடிவு. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லாத வழக்கம் காட்டுமிராண்டித்தனம் என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான். எங்களில் யாருக்கும் அப்போது கல்யாணமாகவில்லை. என் அம்மா அப்பாவை "இந்தாங்க" என்று கூப்பிடுவதைத் தவிர வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

ரயில் நிலையத்துக்குக் கீழே அப்போது ஒரு பழைய புதைகாடு இருந்தது. ரயில் பாதை போட வந்தவர்கள், லாபு பக்கம் ரோடு வெட்டியவர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுக் காய்ச்சலில் போனவர்கள் எல்லாரும் அங்கேதான் கிடந்தார்கள். இன்னார் இங்கே என்று எழுத்தில் எதுவுமில்லை. தலைமாட்டில் ஒரு கல், அல்லது ஒரு செம்பருத்திச் செடி. சொந்தக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த இடத்தைப் பூங்காவாக்க வேண்டுமென்று டவுன் பெரிய மனிதர்களுக்குத் தோன்றியது. அதற்கென்று போட்ட குழுவில் நம்மவர் ஒருவரும் இருந்தார், கடைத்தெரு முதலாளி. தலைப்பாகை கலையாமல் பேசுவார். "எலும்பையெல்லாம் கட்டிக்கிட்டு அழுதா டவுன் எப்பதான்பா முன்னுக்கு வர்றது?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

சும்மா நிரவிவிடவில்லை. எல்லாம் முறைப்படி. இறந்தவரின் பெயரை உறவினர் அலுவலகத்தில் வந்து பதிந்தால், அந்தக் குழியைத் தோண்டி எலும்பைப் புது இடுகாட்டுக்கு மாற்றித் தருவார்கள். பதியாதவை மட்டப்படுத்தப்படும். கடைசி நாள் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. தமிழ் நோட்டீஸை நான்தான் எழுதினேன். "இதனால் சகல ஜனங்களுக்கும் அறியப்படுத்துவது யாதெனில்" என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த சமஸ்கிருதம் முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன். ஒட்டிய இடங்கள் மூன்று: எங்கள் அலுவலக வாசல், தபால் ஆபீஸ், ராவுத்தரின் சாப்பாட்டுக்கடைச் சுவர். தோட்டத்து ஜனங்கள் முதல் இரண்டுக்கும் ஏன் வரப்போகிறார்கள்? கடைச் சுவரில் ஒட்டியதுகூட நான் தினம் அங்கே தேநீர் குடித்ததால்தான். தோட்டத்துக்குத் தோட்டம் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போதும். யாருக்கும் அது தோன்றவில்லை; தோட்டத்தில் பிறந்த எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். லாபு பக்கத்துத் தோட்டத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்திருந்தாள். பால் வெட்டிய சேலை, அதே நாற்றம். நான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். ஆமாம், வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

"கும்புடுறேங்க கெராணி ஐயா. ராவுத்தரு கடை பாயி படிச்சுச் சொன்னாரு. எங்க வூட்டு ஆளு இங்கதான் கெடக்குறாரு. பேரு எழுதிக்குங்க."

"பேர் என்ன?"

"அஞ்சலங்க."

"உன் பேர் இல்லம்மா. செத்தவர் பேர்."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "சாமி பேருதாங்க" என்றாள்.

பியூன் மாணிக்கத்துக்கு இது பழக்கப்பட்ட விஷயம். தோட்டத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான்; பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு பெயராகச் சொல்வார், சரியான பெயர் வந்ததும் அந்த அம்மாள் தலையசைப்பாள். அரை நிமிஷக் காரியம். "முனியாண்டியா? காத்தவராயனா?" என்று அவன் ஆரம்பித்தான். நான் அதட்டி அடக்கினேன். சங்கத்துத் தீர்மானம் என் தலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"நீயே வாயால சொல்லணும். சொன்னா எழுதுவேன். இல்லாட்டி போ."

"எம் மவ வந்திருந்தா சொல்லிப்புடும் ஐயா. ரெண்டு பேருக்கு லீவு தர முடியாதுன்னுட்டாரு மண்டோரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அலுவலகம் மூடும்வரை. வாசல் தாண்டிப் போகிறவர்களை நிறுத்தி உதவி கேட்க அவளுக்குத் துணிவில்லை போலும். நான் வீட்டுக்குப் புறப்பட்டபோது எழுந்து நின்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அன்று சங்கத்தில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. பன்னிரண்டு அடித்ததும் பட்டியல் எங்கள் அலுவலகத் துரையிடம் போனது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு கிளப்புக்குப் போய்விட்டார். நான் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலை மூச்சு வாங்க வந்து நின்றாள். இன்னொரு நாள் லீவு கிடைக்கவில்லை. வெட்டிய பாலைக் கொட்டகையில் ஊற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மகள் இல்லை. தனியாகத்தான் வந்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொன்னாள். ஒரு தடவை மெதுவாக. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டாம் தடவை உரக்கச் சொன்னாள். பிறகு இரண்டு கன்னத்திலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டாள். மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

பெயர் என் காதில் விழுந்தது. ஆனால் என் மனதெல்லாம் கையைவிட்டுப் போன பட்டியலிலேயே இருந்தது.

"எழுதிட்டீங்களா ஐயா?"

கிளப் பத்து நிமிஷ நடை. ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். துரை ஒன்றும் கடித்துவிட மாட்டார். ஆனால் நேற்றே வந்தவளை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று கேட்பாரே. பேனாவை மசியில் தோய்த்து, மை ஒற்றும் தாளில் ஏதோ கிறுக்கினேன்.

"எழுதிட்டேன். போயிட்டு வா" என்றேன்.

நல்லா இருக்கணும் என்று என்னை வாழ்த்திவிட்டுப் போனாள். வாழ்த்தும் பலித்திருக்கிறது; நன்றாகத்தான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை தோண்ட ஆரம்பித்தார்கள். மாற்றப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற இடத்தில் மண் நிரவி, புல் பதித்து, பாண்டு வாசிக்க ஒரு மேடை கட்டினார்கள். பிறகு வந்தது, இப்போது சுண்ணாம்பு அடிக்கிறார்களே, இந்தக் கல். பெரிய மனிதர்கள் பெயரைப் பொறிக்க வேண்டும். யார் பெயர் முதலில், யாருக்கு என்ன பட்டம், எழுத்து எத்தனை பெரிது என்று அவர்கள் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. முதலாளி தன் பெயர் மூன்றாவதாக வந்ததற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. வீடு வீடாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ஓர் எழுத்துப் பிழைக்காகச் செதுக்கிய கல்லையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு கல் வாங்கினார்கள். அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் காறித் துப்பத் தோன்றும். யார்மேல் துப்புவது என்பதில்தான் குழப்பம்.

அடுத்த தை மாதம் ராவுத்தர் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, "அந்த லாபு அம்மா வந்துச்சு தம்பி" என்றார். "பொங்கலுக்குப் படைக்கணும்னு புது எடத்துல சுத்திச் சுத்திப் பாத்திருக்கு. எது அவரோடதுன்னு தெரியல. கெராணி ஐயா எழுதிட்டாரு, இதுல ஒண்ணாத்தான் இருக்கணும்னு ஒரு மேட்டுல எலையப் போட்டுட்டுப் போயிருக்கு."

"அப்படியா" என்றேன். தேநீரையும் குடித்து முடித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் யாரோ ஒருவன் குழிமேல் அவள் இலை போட்டுப் படைத்தாள். ஒரு தடவையாவது போய், அம்மா, இது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு அந்த மேடும் இல்லாமல் போய்விடுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு எத்தனை அழகான சட்டை தைத்துப் போடுகிறோம் பாருங்கள்.

கித்தா விலை விழுந்தபோது தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அஞ்சலையும் மகளும் அதில் ஒன்றில் போய்விட்டார்கள் என்று கேள்வி. ராவுத்தர் கடையை விற்றுவிட்டுப் போனார். எங்கள் சங்கம் தலைவர் தேர்தலில் உடைந்தது. புதைகாடு இருந்த இடத்தில் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

கட்டியவனின் பெயரை அஞ்சலை வாய்விட்டுச் சொன்னது அன்று ஒரு நாள்தான் இருக்க வேண்டும். அறையில் அதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். மாணிக்கம் போன வருஷம் இறந்துவிட்டான். மீதி இருப்பவன் நான். அந்தப் பெயர் என்ன என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரவில்லை.