எல்லாரும் பிறகு பார்க்கும் வகுப்பு

இயங்கலையில் பாடம் நடத்துவதென்றால், திரையில் பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்களிடம் "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது. அதே தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, ஜொகூர் பாருவில் என் வீட்டிலிருந்து புதன்தோறும் மாலையில் புள்ளியியல் நடத்துகிறேன்.

பாலத்தில் நிற்பவர்

சரவணனுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. வகுப்பு தொடங்கும் நேரத்தில் அவன் ஜொகூருக்குத் திரும்பும் பாலத்தில், பேருந்து நெரிசலில் நிற்பான். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. எல்லாருக்காகவும் வகுப்பைப் பதிவு செய்து அனுப்பிவிடுவேன். அதைத் தொலைக்கல்வியின் பெரிய வசதி என்றே நானும் நம்பினேன். சரவணனின் குரல் செய்தி வாராவாரம் வரும்.

"சார், பாலம் ஜேம் லா. ரெக்கார்டு போட்டுருங்க, வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன்."

காருக்குள் ஒரு மாணவி

என் திரையில் இருந்த கட்டம் ஒன்றே. நேரத்துக்கு வந்தவர் மகேஸ்வரி ஒருவர்தான். செனாயில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நேரத்தில் காரில் உட்கார்ந்து கைப்பேசியில் பாடம் கேட்பார். பட்டம் கிடைத்தால் மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. புரியாத இடத்தில் என்னை நிறுத்தி, புரியும்வரை விடமாட்டார். பிறகு அவருக்கே கூச்சமாகிவிடும்.

"நான் கேட்டது மக்குத்தனமா இருந்தா, அத மட்டும் வெட்டிட்டு அனுப்புங்க சார்."

நான் எதையும் வெட்டியதில்லை.

ஆயர் ஈத்தாமில் ஒரு நாள்

பருவத்துக்கு ஒருமுறை நேரில் கூடுவோம். அந்த முறை ஆயர் ஈத்தாமில். மகேஸ்வரி வாய் திறந்ததுமே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அலமாக்! அக்கா, அந்தக் குரல் நீங்கதானா? நான் கேக்க நெனச்சதெல்லாம் நீங்களே கேட்டுருவீங்களே!" என்றான் சரவணன்.

எல்லாரும் சிரித்தோம். மகேஸ்வரி பாதிதான் சிரித்தார்.

"நீங்க எல்லாம் இருக்கீங்கன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது தம்பி."

வராத பெயர்

அடுத்த பருவத்தில் அவர் பெயர் திரையில் வரவில்லை. அழைத்துப் பேசினேன். படிப்பை நிறுத்திவிட்டாராம். மேற்பார்வையாளர் பதவி என்னாவது என்று கேட்டேன். அவர் பேச்சைப் பாடத்துக்கே திருப்பினார்.

"பாடத்துல ஒரு குறையும் இல்ல சார். நான் கேட்டு முடிச்சதும், வேற யாருமே இல்லாத ஒரு அமைதி வரும் பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

புதிய புகார்

இரண்டு வாரம் கழித்துச் சரவணன் அழைத்தான். அக்கா போன கதையைச் சொன்னேன். "பாவம் லா" என்றான். அதன் பிறகுதான் அழைத்த காரணத்தைச் சொன்னான்.

"இப்பல்லாம் ரெக்கார்டு பாத்தா ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது சார். அக்கா மாதிரி யாரையாச்சும் வகுப்புக்கு வந்து கேள்வி கேக்கச் சொல்லுங்களேன்."

இப்போதும் புதன்தோறும் "கேள்வி ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருக்கிறேன், பதிவில் அந்த இடத்தை மட்டும் எல்லாரும் தள்ளி ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்களாம்.