அடித்ததை எழுதச் சொன்னவர்

“அப்பா போயிட்டாங்க, சேர். டிக்கோயா ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டு வாறோம்” என்று அருளப்பன் ஆசிரியரின் மகள் போனில் சொன்னார். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர்களுக்கென்று ஒரு கற்பித்தல் சஞ்சிகை வந்துகொண்டிருந்தது. அதிபரின் வாழ்த்து, பயிற்சிக் கலாசாலைக் குறிப்புகளைப் பார்த்து எழுதிய கட்டுரைகள். எவரும் படிப்பதில்லை. நானும் அதில் எழுதியவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அருளப்பன் சேர் அந்தச் சஞ்சிகையின் பொறுப்பை ஏற்றதும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தாம் கெடுத்த ஒரு பாடத்தைப் பற்றி ஒவ்வோர் ஆசிரியரும் சொந்தப் பெயரில் எழுத வேண்டும்.

முதலில் அவரே எழுதினார்: “கழித்தல் வராத பிள்ளையை அறைந்தேன். காதிலிருந்து இரத்தம் வந்தது. அந்தக் காது இனிக் கேட்காது. கழித்தல் அதன் பிறகும் வரவில்லை.”

அச்சடிக்க வைத்திருந்த ஸ்டென்சில் தாளைப் படித்ததும் ஆசிரியர் அறை கொதித்தது. “நாம அடிக்கிறத லயம் லயமாப் போய்த் தாய் தகப்பனுக்கெல்லாம் படிச்சுக் காட்டப் போறீங்களா?” என்று முதலில் கத்தியவன் நான். அவர் பிரதியெடுக்கும் ரோனியோ இயந்திரத்தைச் சுற்றத் தொடங்கினார். உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி இயந்திரத்தின் மேல் ஓங்கினேன். அவர் வலக்கையை வைத்து மறித்தார். மறுபடியும் ஓங்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. தாள்களில் மையோடு இரத்தம் கலந்து வழிந்தது.

பொலிஸார் வந்து கேட்டார்கள். “யாருன்னு நான் சொல்ல மாட்டேங்க. அது அவரு எழுத வேண்டியது” என்றார் அருளப்பன் சேர். சுற்றி நின்றவர்களும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அடுத்த இதழை இடக்கையால் எழுதினார். பிறகு மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். கொய்யாக் கம்பால் முதுகைக் கிழித்தவர் எழுதினார். கொட்டும் மழையில் பிள்ளையை முழந்தாளிட வைத்தவர் எழுதினார். நான் மட்டும் எழுதவில்லை. “என் பாடமெல்லாம் ஒழுங்காத்தான் போகுது, சேர்” என்று சொல்லியே அவர் ஓய்வு பெறும்வரை தப்பித்தேன். அவர் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அந்தப் பொறுமை எனக்கு எரிச்சலூட்டியது.

கதிரையைத் தூக்கிய அன்று காலையில்தான், பாட்டைப் பிழையாகச் சொன்ன ஒரு சிறுமியின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதியிருந்தேன். அவருடைய வரிகளைப் படித்ததும் பயந்துபோனேன். பயத்தைத்தான் அவர் கையில் இறக்கினேன்.

சேரின் வீட்டில், சவப்பெட்டிக்குள் கிடந்தவரின் கைகளில் ஜெபமாலையைச் சுற்ற முயன்றார்கள். வலக்கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

“இது எப்படி ஒடைஞ்சதுன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க” என்றார் மகள்.

“நான்தாம்மா ஒடைச்சேன்.”

கூடியிருந்தவர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். மகள் ஜெபமாலையை என்னிடம் நீட்டினார்.

“அப்ப நீங்களே சுத்தி விடுங்க.”

சுற்றினேன். அவர் கை சில்லென்றிருந்தது. என்னை மன்னிக்க வேண்டாம், சேர். நிம்மதியாகப் போய் வாருங்கள்.