கசெட்டில் வந்த உம்மா

எங்கள் வீட்டில் தேநீரைக் கரண்டி போட்டுக் கலக்குவதில்லை. இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஆற்றி, சீனி கரைந்த பிறகுதான் கொடுப்போம். கெலிஓயாவிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்த மனைவிக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. மனைவிக்கு முன்னாலும் அப்படித்தான். இருபது வருசமாகியும் அந்தப் பிறகு வரவில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

எனக்கு நாலு வயதில் உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். எங்கள் வீடு அலவத்துகொடையில், ரோட்டிலிருந்து எழுபது படி ஏறிப் போகும் மேட்டில் இருந்தது. வாப்பா கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். காலையில் முதல் பஸ்ஸில் போனால் இருட்டி மஃரிப் தொழுகை நேரத்துக்குத்தான் வருவார். என்னை வளர்த்தது மாமி, வாப்பாவின் மூத்த சகோதரி. புருசன் மௌத்தான பிறகு எங்களோடு வந்து தங்கியவர். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம்.

உம்மாவின் முகம் எனக்கு மெல்ல மெல்ல மறந்து போனது. குரல் மறக்கவில்லை. அது அவர் பேசிப் பதிந்து அனுப்பும் கசெட்டில் வந்தது. லீவில் வரும் ஊர்ப் பெண்கள் யாராவது உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். வாப்பா ஒரு தடவை கேட்பார். மாமி ஒரு தடவை கேட்டு அழுவார். பிறகு அது எனக்குத்தான். கேட்டுக் கேட்டுச் சில கசெட்டுகளில் நாடா தேய்ந்து, உம்மா தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவது போல இருக்கும்.

கசெட்டில் உம்மா பெரிய சத்தமாகப் பேசுவார். பெரிய சத்தமாகச் சிரிப்பார். ஒரு பூனையின் கதை இருந்தது. “கேளு மகன், இங்க ஒரு பூன ஈக்கி. சுத்தக் கள்ளன். மீன ஊர வச்சிட்டு இங்கால திரும்புறதுக்குள்ள தலயத் தூக்கிக்கொண்டு பெய்த்து!” என்று சொல்லிவிட்டு மூச்சுத் திணறச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். எந்த இடத்தில் அவர் மூச்சு எடுப்பார் என்பதுகூட எனக்குப் பாடம்.

எல்லாக் கசெட்டும் ஒரே மாதிரித்தான் முடியும். பேச்சின் நடுவில் எங்கேயோ தூரத்தில் ஒரு சின்ன மணி அடிக்கும். கிணிங், கிணிங். உடனே உம்மாவின் குரல் மாறும். “சரி மகன், நான் பெய்த்து வாரன்” என்று விடைபெறுவார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தொழுகைக்குப் பாங்கு சொல்வதுபோல, அந்த நாட்டில் உம்மாமாருக்கு மணி அடிப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதானபோது உம்மா திரும்பி வந்தார்.

வேன் ரோட்டில் நின்றது. ஊர்ப் பையன்கள் பெட்டிகளைத் தலையில் வைத்துப் படியேறினார்கள். அவர்களுக்குப் பின்னால், கறுப்பு உடுப்பில், மெலிந்த ஒரு பொம்பிளை வந்தார். வெயிலே படாத வெள்ளை நிறம். வாசலில் எல்லாரும் நின்றிருந்தோம். அவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு வாசலால் ஏறாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் அடுப்படிப் பக்கம் இருந்த குசினிக் கதவால் உள்ளே வந்தார்.

மாமி சிரித்துவிட்டார். “என்ன மச்சி, கலியாணம் முடிச்சி வந்த வாசல் மறந்து பெய்த்தா? நாலு வருசம்தானே!”

அவர் கைப்பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து, இரண்டு கையாலும் வாப்பாவிடம் நீட்டினார். வாப்பா அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு எனக்குத் தெரிந்த வீடாக இருக்கவில்லை. காலையில் நான் எழும்பும்போது எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும். பகலிலும் வீட்டுக்குள் இருட்டு. அவர் உள்ளே துணிச் செருப்பு போட்டு நடப்பார், சத்தமே கேட்காது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால் பக்கத்தில் நிற்பார். எப்போது வந்தார் என்று தெரியாது. நாங்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, எங்கள் பீங்கான்களில் மிஞ்சியதை ஒன்றாக்கி, குசினியில் நின்றபடி சாப்பிடுவார். கதிரையில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்து உடனே எழும்பிவிடுவார். சில நேரம் என்னை வேறு ஒரு பெயரால் கூப்பிடுவார். நான் திரும்பிப் பார்க்காவிட்டால், பயந்தவர் போல வாயைப் பொத்திக்கொள்வார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் செய்த வேலைதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. பழைய துவாய்களைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு கதவுக்கும் அடியில் நீளமாக வைத்து, விரலால் அழுத்தி அழுத்தி இடைவெளியை அடைப்பார். ஜன்னல் கட்டைகளிலும் அப்படித்தான். நான் ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன், என்ன வரப்போகிறது என்று.

“தூசி” என்றார். “காத்து எழும்பினா மணலெல்லாம் உள்ளுக்கு வந்திடும்.”

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கராம்பு மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எங்கட ஊருல ஏது மணலு?” என்றார் மாமி. “செவுரெல்லாம் பாசி புடிச்சீக்கி. நீங்க ஈரத்துணியும் வச்சா நாங்க தவளயாப் பெய்த்துருவோம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, வாப்பாவிடம் சொன்னார்: “ஓதிப் பாக்கிறதுதான் நல்லம். வந்தது நம்மட ஆள்தானா, இல்லாட்டி கூடவே ஏதாச்சும் வந்தீக்கோ, யாருக்குத் தெரியும்?”

மாமி அதைப் பாதி பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அதில் பகிடி தெரியவில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஒரு பையன் சொல்லியிருந்தான், ஜின் மனிசக் கோலம் எடுத்தாலும் அதற்குக் குதிக்கால் நிலத்தில் படாது என்று. நான் தரையில் குப்புறப் படுத்து அவருடைய கால்களைப் பார்த்தேன். துணிச் செருப்பு மறைத்தது.

பிறகு சிரிக்கச் சொல்லிக் கேட்டேன். “பூனைட கதய செல்லுங்க. கசெட்டுல சிரிச்ச மாதிரி சிரிங்க.” அவர் கையால் வாயை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினார். சத்தம் வரவில்லை.

அது போதுமாக இருந்தது எனக்கு. இவர் உம்மா இல்லை. உம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், பூனையோடும் மணியோடும். அவருக்குப் பதிலாக இவர் வந்திருக்கிறார்.

ஒரு நாள் பின்னேரம் மூடுபனி வீட்டு முற்றம் வரைக்கும் வந்திருந்தது. மாமி கடைக்குப் போயிருந்தார். எனக்கு என் உம்மாவின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பூனைக் கதைக் கசெட்டைப் போட்டேன். உம்மா சிரித்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அறை வாசலில் அவர் நின்றிருந்தார். கையில் ஈரத் துவாய். அந்தக் குரலை, முன்பின் தெரியாத யாரோ பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. கிணிங், கிணிங்.

அவர் துவாயைக் கீழே வைத்தார். கையை உடுப்பில் துடைத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். வீட்டின் கிழக்குப் பக்கத்தில், உம்மா அனுப்பிய காசில் கட்டிய புது அறை இருந்தது. நாலு சுவரும் எழும்பியிருந்தன; கூரை இன்னும் போடவில்லை. அவர் அந்த அறைக்குள் போய், நடுவில், கைகளை முன்னால் கோர்த்துத் தலையைக் குனிந்து நின்றார். மேலேயிருந்து பனி இறங்கி அவருடைய முக்காட்டில் படிந்தது. முன்னால் வெறும் சுவர். யாரோ அங்கே உட்கார்ந்து ஏதோ சொல்வது போல, அவர் இரண்டு தடவை தலையை ஆட்டினார்.

நான் ஓடிப்போய்க் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றினேன். மறுபடி மணி அடித்தது. அவர் அந்த அறையிலிருந்து வந்து, என் முன்னால் அதேபோல நின்றார். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு நான் கண்டுபிடித்தேன், கசெட் தேவையில்லை என்று. கிளாஸில் கரண்டியால் தட்டினாலும் அவர் வருவார். குசினியிலிருந்து தட்டினால் குசினிக்கு. முற்றத்திலிருந்து தட்டினால் முற்றத்துக்கு. எனக்குப் பயமாகவும் இருந்தது, விடவும் முடியவில்லை. அந்த வாரம் எத்தனை தடவை தட்டினேன் என்று இப்போது நினைத்துப் பார்க்க விருப்பமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உம்மாவைச் சவூதிக்கு அனுப்பிய ஏஜென்ட் கண்டியிலிருந்து வந்தார். நல்ல வாசனை பூசிய, வயிறு பெருத்த மனிதர். வாப்பாவும் அவரும் ஹோலில் உட்கார்ந்தார்கள். மாமியும் சவூதியிலிருந்து வந்தவரும் அறைத் திரைக்குப் பின்னால். நான் வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அந்த ஊட்டுக்காரங்க இவங்களத்தான் திரும்பக் கேக்குறாங்க” என்றார் ஏஜென்ட். “வேற ஆள் வேணாமாம். இன்னொரு ரெண்டு வருசம். உங்கட அறைக்கும் கூர ஏறிடும்தானே?”

வாப்பா நகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு விருப்பம் என்று எனக்கே தெரிந்தது. கடைசியில் திரைப்பக்கம் திரும்பி, “நீ என்ன செல்ற?” என்று கேட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. “அவங்க கெட்ட ஆக்களில்ல. ஆனா மகன்கிட்ட கேளுங்க. அவன் போக வேணாமெண்டு சென்னா நான் போகல்ல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் என் வாயிலிருந்து ஒரு சொல் வர இத்தனை பேர் காத்திருந்ததில்லை. திரை லேசாக ஆடியது. அதற்குக் கீழே இரண்டு துணிச் செருப்பு தெரிந்தது.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை, காட்டத் தெரியும். ஏஜென்டுக்குக் கொண்டுவந்து வைத்த தட்டத்திலிருந்த கரண்டியை எடுத்து, அவருடைய தண்ணீர் கிளாஸில் தட்டினேன். கிணிங், கிணிங்.

திரை விலகியது. அந்நிய ஆண்பிள்ளை இருக்கும் ஹோலுக்கு நடுவில் அவர் வந்து, என் முன்னால் நின்று, கைகளைக் கோர்த்துத் தலையைக் குனிந்தார். அரபியில் ஏதோ இரண்டு சொல் சொன்னார். திரைக்குப் பின்னால் மாமி, “யா அல்லாஹ்” என்றார்.

“பாத்தீங்களா?” என்றேன். “இது உம்மா இல்ல. இவங்க போகட்டும். எங்கட உம்மாவ அனுப்பச் செல்லுங்க.”

ஏஜென்ட்தான் முதலில் பேசினார். “மாஷா அல்லாஹ், என்னா ஒழுங்கு! இதுக்குத்தான் அவங்க உட மாட்டேங்கிறாங்க” என்று சிரித்தார். வாப்பா எழும்பப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்தார். என் கையில் இருந்த கரண்டியை மெதுவாக வாங்கித் தட்டத்தில் வைத்தார். பிறகு அந்த வீட்டில் அதுவரை நான் கேட்காத குரலில், கசெட்டில் மட்டுமே கேட்ட அந்தக் குரலில், ஒரு எழுத்துக்கூட மாறாமல் சொன்னார்: “சரி மகன், நான் பெய்த்து வாரன்.”

அது உம்மாதான். வேண்டாம், போக வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அதற்குள் அவர் திரைக்குப் பின்னால் போய்விட்டார். அவர் புறப்பட இன்னும் இரண்டு வாரம் இருந்தும் நான் சொல்லவில்லை. அவரைக் கண்டாலே கராம்பு மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். போகும்போதும் அவர் குசினிக் கதவாலேயே போனார். ஈரத் துவாய்கள் எல்லாக் கதவுக்கும் அடியில் கிடந்தன. மாமி அவற்றை மூன்று நாள் எடுக்கவில்லை.

உம்மா இரண்டு வருசத்தில் திரும்பி வந்துவிட்டார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கூரை போட்ட அந்த அறையில்தான் படுக்கிறார். சிரிக்கவும் சிரிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. நான் இன்னமும் சொல்ல வேண்டியது ஒரு கசெட்டைப் பற்றி. அவர் இரண்டாம் தடவை போய் நாலு மாதத்தில் வந்த கசெட். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கசெட் வரவில்லை. கடிதம் மட்டுமே வந்தது.

அதில் உம்மா மெதுவாகப் பேசினார். நான் பள்ளிக்கூடம் போகிறேனா, மாமிக்கு முழங்கால் நோவு எப்படி, கராம்பு காய்ச்சதா என்று கேட்டார். பூனை குட்டி போட்டிருக்கிறதாம், மூன்று. முதல் குட்டிக்கு நெற்றியில் வெள்ளை. இரண்டாவது குட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது மணி அடித்தது.

நான் டக் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. “ரெண்டாவது குட்டி சுத்தக் கறுப்பு, மகன்” என்றார் உம்மா. மணி மறுபடி அடித்தது. “கண்ணு மட்டும்தான் தெரியும்.” மணி நிற்காமல் அடித்தது. உம்மாவின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அவர் மூன்றாவது குட்டிக்கு வந்துவிட்டார். அதற்கு வால் கட்டையாம். யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. “மகன், உனக்கு விளங்குதா? நான் பேசிக்கொண்டுதான் ஈக்கிறன்” என்றார் உம்மா.

அதோடு குரல் நின்றது. நாடா மட்டும் அந்தப் பக்கம் முடியும்வரை வெறுமையாகச் சுற்றியது.

அதை அழிக்காமல் ஏன் அனுப்பினார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவர் ஏன் அன்று எழும்பவில்லை என்பதும் விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், மணி அடித்தால் உம்மா போக வேண்டும். இருட்டான வீட்டில் தனியாக உட்கார்ந்து, அந்தக் கசெட் பெட்டியைப் பார்த்து, பயத்தில் அழுதுகொண்டே நான் சொன்னது இவ்வளவுதான்:

“உம்மா, மணி அடிக்குது. போங்க உம்மா. போங்க.”