பேர் கூப்பிட்டாச்சு

அரசாங்கத்தின் சுகாதாரக் காப்புத் திட்டத்தில் சேருபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள், அதிலும் தேயிலைத் தோட்டங்களில்தான் சரிவு அதிகம் என்று தானா ராத்தா நகரில் ஒரு கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘ஆர்வமின்மை’ என்றிருந்தது. எதையும் போய் விசாரிக்காமல் எழுதக்கூடிய சொற்களில் அதற்குத்தான் முதலிடம்.

அந்த ஆர்வமில்லாதவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா. கொழுந்து பறித்தே வயதானவர், கணவர் இல்லை, மகள் சிங்கப்பூரில். மார்பில் கட்டி இருப்பதை என் மனைவியிடம்தான் முதலில் சொன்னார். உள்ளூர் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, ஈப்போவில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காப்புத் திட்டத்தில் இருந்தால் தனியார் மையத்தில் அந்த வாரமே எடுத்துவிடலாம்.

“நான்தான் சேந்துட்டேனே தம்பி,” என்றார் அக்கா. “கோயில் மண்டபத்துக்கு வந்தாங்கல்ல, அப்பவே.”

அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கணினியில் நெடுநேரம் தேடினாள். பதிவு இல்லை, இந்த ஆண்டுக்கான சேர்க்கையும் முடிந்துவிட்டது என்று மரியாதையாகச் சொன்னாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“மண்டபத்துல என்னக்கா நடந்துச்சு?”

“பேரு கூப்புட்டாங்க. ‘இருக்கேன்’னு சொன்னேன். டீ குடிச்சேன், கறிபாப் குடுத்தாங்க, வந்துட்டேன்.”

“பின்னாடி மேசையில போன்ல பதியணும்னு சொல்லலியா?”

“அதெல்லாம் கிராணி வேலைலா.”

“இப்ப கிராணி யாரும் இல்லக்கா. நாமளேதான் பதியணும்.”

“நாமளே பதியறதுன்னா எதுக்குய்யா பேரக் கூப்புட்டாங்க?”

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு விளங்கியது.

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. எல்லோரும் களத்தில் நிற்பார்கள், தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர்களை வாசிப்பார். கூப்பிட்டதும் குரல் கொடுத்துவிட்டால் தொழிலாளியின் பொறுப்பு முடிந்தது. சம்பளம், விடுப்பு, மருந்து எல்லாம் அதற்குமேல் கிராணியின் தலைவலி. வாழ்நாள் முழுக்க அப்படிப் பழகியவர்களிடம், வந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள அதிகாரிகள் மண்டப வாசலில் நின்று பெயர் வாசித்திருக்கிறார்கள். தொழிலாளர்களும் குரல் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பின்பக்க மேசையில் இருந்த இருவர் மாலைவரை காற்று வாங்கியிருக்கிறார்கள்.

மேல்முறையீடு எழுதினேன். எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும், எந்த விதியைச் சுட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அடுத்த சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு பிழை இல்லாத கடிதம். ஸ்கேன் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

“வேணாம் தம்பி. குரல் குடுத்தாச்சு, கூப்புடுவாங்க. மககிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துருவா.”

என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். அக்கா சிரித்தார். “ஏன் இப்பிடிப் பறக்குற? ஒனக்கு முன்னாடி நான் போயிட்டா ஒன் வீட்டுக்காரர யாரு திட்டறது?”

கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முறை வந்தபோது நோய் எலும்புவரை போயிருந்தது. மகள் ஓடிவந்தாள். அக்கா அவளோடு பேசும் நிலையில் இல்லை. பனி இறங்கிய ஒரு காலையில் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

அடுத்த சேர்க்கைக்கு அதே மண்டபத்துக்கு வந்தார்கள். அதே வாசலில் பெயர் வாசித்தார்கள். ஒருவர் இறந்தது ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்குத் தெரியவர எவ்வளவு காலமாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெயர் வாசித்த இளம் அதிகாரி இன்னொரு முறை கூப்பிட்டார். அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த ஒரு பெண், பெரட்டில் சொல்வதைப் போலவே பின்னாலிருந்து சொன்னார்:

“வரலங்க.”

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அன்று டீயை யாரும் தொடவில்லை. எல்லோரும் நேராகப் பின்பக்க மேசைக்குப் போய் வரிசையில் நின்றார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நானும் உட்கார்ந்து போனில் பதிந்துகொடுத்தேன். “பதிஞ்சிருச்சா? நல்லாப் பாருங்க சார்,” என்று ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அந்த ஆண்டுக் கூட்டத்தில் வரைபடத்தின் கோடு மேலே ஏறியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘சிறப்பான பிரசாரம்’ என்றிருந்தது. திருத்தலாம் என்று எழுந்தேன். அக்காவை எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.